பாக்கெட்டில் வந்த தேங்காய்

எங்கள் ஃப்ளாட்டின் பால்கனியை ஒட்டி இரண்டு தென்னைமரங்கள் நிற்கின்றன. தேங்காய் விழுந்து கண்ணாடி உடையும் என்று அவற்றின் கீழே ஒருவரும் வண்டியை நிறுத்துவதில்லை. நடந்து போகிறவர்கள்கூட ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு, திருவனந்தபுரத்துக்கு, பெங்களூரிலிருந்து பார்சலில் தேங்காய்த் துருவல் வந்தது. காற்றை உறிஞ்சி ஒட்டிய பிளாஸ்டிக் பாக்கெட். அதன்மேல் சிரிக்கிற தேங்காய் ஒன்றின் படம். தேங்காய் எதற்காகச் சிரிக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அனுப்பியவள் என் நாத்தனார். வெளிநாட்டில் இருக்கிறாள். எங்கள் பெண்கள் இரண்டு பேருக்கும் பரிசு என்று சொல்லி பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனிக்குச் சந்தா கட்டிவிட்டாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமையன்று ஒரு பெட்டி வரும். குழந்தைகள் ஒரு பலகாரம் செய்வதற்கு வேண்டியதெல்லாம் அதில் அளந்து கட்டப்பட்டிருக்கும். மாவு ஒரு பாக்கெட், எண்ணெய் ஒரு பாக்கெட், ஒரு ஸ்பூன் உப்புக்கு ஒரு பாக்கெட், நாலு கறிவேப்பிலை இலைக்கு ஒரு பாக்கெட். எப்படிச் செய்வது என்று படம் போட்ட கார்டுகள், சின்ன ஏப்ரன், காகிதத் தொப்பி. பெற்றோர் பக்கத்தில் நின்றால் போதும், மற்றதைக் குழந்தைகளே பார்த்துக்கொள்வார்கள் என்று மூடியில் அச்சிட்டிருந்தது. அதை எழுதியவருக்குக் குழந்தைகள் கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன்.

முதல் பெட்டியையே திருப்பி அனுப்பியிருப்பேன். மூத்தவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. சாப்பிடுவதில்லை. அடம் பிடிக்கிற குழந்தைகளை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம், இது அந்த ரகம் இல்லை. ஆவி பறக்கிற இட்லி, அப்போது பிசைந்த தயிர்சாதம், அடுப்பிலிருந்து எடுத்த தோசை, அவ்வளவுதான். காலையில் பிசைந்த அதே தயிர்சாதத்தை மத்தியானம் நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வாள். பள்ளிக்குப் போகிற டப்பா போனபடியே திரும்பி வரும். ஒவ்வொரு வேளையும் அவள் முன்னால் உட்கார்ந்து, இன்னும் ஒண்ணு, இன்னும் ஒரே ஒண்ணு என்று கெஞ்சிக் கெஞ்சி என் தொண்டை காய்ந்தது. குளிப்பாட்டும்போது அவள் முதுகெலும்பு ஒவ்வொன்றும் கையில் தட்டுப்படும்.

குழந்தை டாக்டர் நல்ல மனிதர். மலையாளத்தில் மெதுவாக, எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று நினைத்தவர்போலப் பேசினார். நான் பிறந்ததே இந்த ஊரில் என்று சொல்லவில்லை. கட்டாயப்படுத்தாதீர்கள், சமையலில் சேர்த்துக்கொள்ளுங்கள், கையால் அளையட்டும், தானே செய்ததைத் தானே தின்பாள் என்றார். இன்னொன்றும் சொன்னார். சாப்பாட்டைப் பற்றி அவள் முன்னால் நீங்கள் முகம் சுளிக்கக்கூடாது. இதை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் கணவர் அதைக் கேட்டுப் பலமாகத் தலையாட்டினார்.

முகம் சுளிப்பதை விடு என்று என்னிடம் சொல்வதும் மூச்சு விடுவதை விடு என்பதும் ஒன்றுதான். எனக்கு அருவருப்பு அதிகம். வலியசாலை அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி ஃப்ளாட்டுக்கு வந்தபின் மடி, ஆசாரம் எல்லாம் போய்விட்டது. ஊர்க்கோடியில் கழக்கூட்டம் என்கிற இடத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை. ஆபீஸ் கேண்டீனில் சாப்பிடுகிறேன், ஏகாதசி எப்போது வருகிறது என்று தெரியாது. ஆனால் எச்சில் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அது சாஸ்திரமாக என்னிடம் இல்லை, தொண்டையில் இருக்கிறது. பக்கத்து மேஜைக்காரி தான் நக்கிய ஸ்பூனை என் டப்பாவில் விட்டால் அன்றைக்கு என் மத்தியானச் சாப்பாடு முடிந்தது.

எங்கள் தெருவில் சமைக்கிறவர்கள் ருசி பார்க்க மாட்டார்கள். சாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் நாக்கில் வைத்தால் பாத்திரம் முழுக்க எச்சில். அதனால் உப்பையும் மூக்கால்தான் பார்ப்போம். கொதிக்கிற குழம்பின்மேல் குனிந்து, மூக்கைச் சற்றே சுருக்கி, ஆவியை இழுத்தால் உப்புப் போதுமா போதாதா என்று தெரிந்துவிடும். வெளியாட்கள் இதை நம்புவதில்லை. என் கணவரே கல்யாணமான புதிதில் சிரித்தார். அவருக்கு மூக்கு என்று ஒன்று இருப்பது கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டும்தான்.

பெற்ற குழந்தை என்று வந்துவிட்டால் அருவருப்பெல்லாம் ஓடிப்போகும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஓடவில்லை. பீயும் மூத்திரமும் வாந்தியும் துடைத்தேன், கையைக் கழுவினேன், அது வேலை. ஆனால் அவர்கள் கடித்து வைத்த பிஸ்கட்டை ஒருநாளும் என் வாயில் போட்டதில்லை. தட்டில் மிச்சம் விழுந்தால் நேராகக் குப்பைத்தொட்டி. மற்ற அம்மாக்கள் குழந்தையின் மிச்சத்தைத் தின்றுதான் உடம்பு பெருத்தோம் என்று சிரித்துக்கொண்டு சொல்லும்போது நான் எழுந்து வேறிடம் போய்விடுவேன்.

இப்படிப்பட்டவளின் சமையலறைக்குள் அந்தப் பெட்டி வந்தது.

முதலில் பீட்ஸா. இளையவளுக்கு நாலு வயது, அவளுக்கு ஜலதோஷம். திருவனந்தபுரத்து மழைக்காலத்தில் அவளுக்கு ஜலதோஷம் இல்லாத வாரம் கிடையாது. மாவைப் பிசைந்துகொண்டிருந்தவளின் மூக்கு ஒழுகியது. ஒரு கையால் துடைத்தாள். துடைத்த கை திரும்ப மாவுக்குள் போயிற்று. நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். சீஸ் பாக்கெட்டை வெட்டியதும் காயாமல் சுருட்டி வைத்த சாக்ஸ் வாடை வந்தது. அதைத் தூவும்போது பாதி தரையில் விழுந்தது, இளையவள் தரையிலிருந்தே பொறுக்கி வாயில் போட்டாள், வாயில் ஒட்டாததை எடுத்து மறுபடி மாவின்மேல் வைத்தாள். என் கணவர் இதையெல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நாத்தனாருக்கு உடனே போயாக வேண்டும். அவளிடமிருந்து வரிசையாகச் சிவப்பு இதயங்கள் வந்தன.

கார்டுகளில் கடைசிக்கு முந்தைய படம் எப்போதும் ஒன்றுதான். ஒரு குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டு கரண்டியோடு நிற்கும். சுவைத்துப் பார் என்று அர்த்தம். இளையவளுக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்தப் படம் நன்றாகத் தெரியும். முதல் படத்திலேயே ஆரம்பித்துவிடுவாள். மாவு, எண்ணெய், பச்சை உருளைக்கிழங்கு, எல்லாவற்றிலும் கரண்டியை விட்டு நக்கி, திரும்ப அதிலேயே விடுவாள். எச்சில் பண்ணாதே என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. சரி என்று சொல்லிக்கொண்டே நக்குவாள்.

பீட்ஸாவுக்கு அப்புறம் கட்லெட். பீட்ரூட் சாறு சுவரில், ரொட்டித் தூள் தலைமயிரில், இரண்டும் கலந்தது என் புடவையில். அதற்கப்புறம் கீரைப்பொடி கலந்த பான்கேக். தெப்பக்குளத்துப் பாசியை வழித்துக் கல்லில் ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஒவ்வொரு தடவையும் சமைத்து முடிந்தவுடன் போட்டோக்காரர் காணாமல் போய்விடுவார். வாஷ்பேசினில் அடைத்துக்கொண்ட மாவை நான் விரலால் தோண்டி எடுப்பேன். அந்தக் கொழகொழப்பு விரலிலிருந்து போவதற்கு இரண்டு தடவை சோப்புப் போட வேண்டும்.

மூத்தவள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். அளவு தப்பாது. கீழே சிந்தினால் தானே துணி எடுத்துத் துடைப்பாள். தங்கையின் கை படாத பக்கமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். நாக்குப் படம் போட்ட கார்டு வந்ததும் அதை அடியில் செருகிவிட்டு, பாத்திரத்தின்மேல் குனிந்து ஒரு நொடி மோந்து பார்ப்பாள். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். மேஜையில் உட்கார்ந்ததும் அதேபோலத் தட்டை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, தள்ளி வைத்துவிடுவாள். தானே செய்ததைத் தானே தின்பாள் என்று டாக்டர் சொன்னாரே, ஒரு விள்ளல் தின்றதில்லை. அத்தனையையும் இளையவள் தின்றாள். மிச்சத்தைக் கணவர் தின்றார். நல்லா இருக்கு என்றும் சொன்னார்.

மோந்து பார்க்கிற பழக்கம்தான் முதலில் போக வேண்டும் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். சாப்பாட்டை நாய் மாதிரி மோந்து பார்ப்பது மரியாதையில்லை என்று எனக்கும் பட்டது. அவள் தலை குனியும்போதெல்லாம் மோந்து பாக்காதே என்று சொல்வது வீட்டில் வழக்கமாகிவிட்டது. சொன்னால் நிமிர்ந்துவிடுவாள். நிமிர்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருப்பாள்.

ஆவணி, இந்த ஊர்க் கணக்கில் சிங்க மாதம், பிறந்தவுடன் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். காலை அசெம்பிளியில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். நான் போனபோது டீச்சர்களின் அறையில் பெஞ்சில் படுத்திருந்தாள். யாரோ கொடுத்த குளூக்கோஸ் தம்ளர் தொடாமல் பக்கத்தில் இருந்தது. டாக்டர் அன்றைக்கு மெதுவாகப் பேசவில்லை. ஓண லீவு முடியும்வரை பார்ப்போம், அதற்குள் சாப்பிட ஆரம்பிக்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் அட்மிட் செய்து குழாய் வழியாகத்தான் கொடுக்க வேண்டிவரும் என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கனமே இல்லை. அதுவரை எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது, எரிச்சல் இருந்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

அந்த லீவுக்குள்தான் பிள்ளையார் சதுர்த்தி வந்தது. பண்டிகைக்கென்று தனியாக ஒரு பெட்டி. கொழுக்கட்டை செய்வதற்கு, அரிசிமாவு ஒரு பாக்கெட், வெல்லத்தூள் ஒரு பாக்கெட், நெய், ஏலக்காய்ப் பொடி, ரப்பர்போல வளைகிற ரோஸ் நிற அச்சு ஒன்று, முதலில் சொன்ன அந்தச் சிரிக்கிற தேங்காய். பார்சல் எங்கேயோ சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தது. பெட்டியைத் தொட்டால் சூடாக இருந்தது. தேங்காய் உடைப்பதற்கென்றே ஜனங்கள் பழவங்காடிப் பிள்ளையாரிடம் போகிற ஊரில், அவருடைய பண்டிகைக்கு நான் பெங்களூர்த் தேங்காயைப் பிரிக்க உட்கார்ந்தேன். என்னைப் பெற்றவர்கள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்து, யோசனையை நிறுத்திக்கொண்டேன்.

சதுர்த்தியன்று காலை என் கணவர் போனை மிக்ஸியின்மேல் சாய்த்து வைத்தார். நாத்தனார் வீடியோவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அங்கே அவளுக்கு ராத்திரி, கையில் ஏதோ ஒரு கோப்பை. பெண்கள் ஏப்ரன் கட்டி, தொப்பி போட்டு நின்றார்கள். நான் வாணலியைச் சூடாக்கிவிட்டுத் தேங்காய்ப் பாக்கெட்டைக் கத்தரித்தேன்.

எண்ணெய் தேய்த்த தலையோடு ஒரு மாதம் படுத்த தலையணை உறை என்றால் தெரியுமா? அந்த வாடை. காறிப்போன எண்ணெயும் ஈரமும் கலந்து மேலே வந்து முகத்தில் அடித்தது. துருவல் வெள்ளையாகத்தான் இருந்தது, விரலில் மட்டும் வழுவழுவென்று ஒட்டியது. எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. முகம் சுளிக்கக்கூடாது என்ற டாக்டரின் உத்தரவு நினைவுக்கு வந்தது, மூச்சை நிறுத்திக்கொண்டு பாக்கெட்டைக் கணவரிடம் நீட்டினேன். அவர் மோந்து பார்த்தார். பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்.

"டேட் இன்னும் இருக்கே. பிளாஸ்டிக் வாசனையாக்கும்," என்றார்.

நாத்தனாரும் போனிலிருந்து பேசினாள். அவள் ஊரில் எல்லாரும் பாக்கெட் தேங்காய்தானாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம், மன்னி சும்மா குழந்தை மனசில் எதையும் போட்டுவிடக்கூடாதாம். நான் கையில் கத்தரிக்கோலோடு நின்றேன். குழந்தைக்காகத்தானே இவ்வளவும், வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்தால் வாடை அடங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாக்கெட்டை வாணலியில் கவிழ்த்தேன். சூடு ஏறியதும் வாடை இரண்டு மடங்காயிற்று.

மூத்தவள் ஸ்டூலில் ஏறி வாணலியின்மேல் குனிந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் சுருங்கின. ஆவியை உள்ளே இழுத்தாள். நிமிர்ந்தாள்.

"இது கேடாயிடுத்தும்மா," என்றாள். "இதைச் சாமிக்கு வெக்கப்பிடாது."

மோந்து பாக்காதேன்னு சொல்லியிருக்கோமில்லையா என்று அவர் ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். வாயை இறுக்கி மூடியிருந்தாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. அந்த மூக்குச் சுருக்கத்தை எங்கே பார்த்தேன் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தினம் காலையில் குழம்பின்மேல் குனியும்போது என் மூக்கு சுருங்குவது அப்படித்தான். எங்கள் தெருவில் அத்தனை பேருக்கும் அப்படித்தான்.

பீட்ஸா நாறியது. கட்லெட்டுக்கு வந்த ரொட்டித் தூள் பழைய எண்ணெய் நாற்றம் அடித்தது. கீரைப்பொடி மழையில் நனைந்த வைக்கோல். ஒவ்வொரு பெட்டியிலும் எனக்கு அது தெரிந்திருந்தது, குழந்தைக்காக என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு விழுங்கியிருந்தேன். காலையில் மூடிய டப்பாவை மத்தியானம் திறந்தால் தயிர் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் நான் ஆபீஸுக்குத் தயிர் கொண்டுபோவதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இவள் சாப்பிட மறுத்தது எதுவும் நான் மனசாரச் சாப்பிடக்கூடியது இல்லை.

"ஆமாம்," என்றேன். "கேடாயிடுத்து."

வாணலியோடு எடுத்துக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். மாவு, வெல்லத்தூள், ரோஸ் அச்சு, கார்டுகள், எல்லாவற்றையும் பெட்டியில் திரும்பப் போட்டு வாசல் கதவுக்கு வெளியே வைத்தேன். போனில் நாத்தனார் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். போனைக் குப்புறக் கவிழ்த்தேன். என் கணவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். அந்தச் சமயத்தில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே ஓர் ஊகம் உண்டு.

சமையலறை மூலையில் எப்போதும் இரண்டு தேங்காய் கிடக்கும். ஒன்றை எடுத்து உடைத்தேன். தண்ணீர் தெறித்துத் தரையில் ஓடியது. ஒரு மூடியை எடுத்து மூத்தவளின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"மோந்து பாரு."

சந்தேகமாக அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு மூக்கை மூடிக்குள்ளேயே விட்டுவிட்டாள். வெளியே எடுத்தபோது மூக்கு நுனியில் தேங்காய்த் தண்ணீர் ஒட்டியிருந்தது. சரி என்று தலையை ஆட்டினாள். நான் துருவ ஆரம்பித்தேன். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டாள். சாலை பஜாரில் வாங்கின அச்சு வெல்லத்தை உடைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டியபோது வடிகட்டியில் தூசும் துரும்பும் ஓர் எறும்பும் நின்றன. அதையும் பார்த்தாள். வெல்லம் வாங்கினால் இதெல்லாம் இருக்கும், வடிகட்டினால் போய்விடும் என்று சொன்னேன். சரி என்றாள். அவளுக்கு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னால் போதும் என்று தோன்றியது.

பூரணம் சுருண்டு வந்தது. வீடே மணத்தது. தட்டில் கொட்டி ஆறவைத்தேன். வழக்கம்போலக் குனிந்து மோந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. மேல்மாவு கிளறுவதற்கு அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

"அக்கா எச்சல் பண்ணிட்டா," என்று இளையவளின் குரல் கேட்டது. இத்தனை வாரம் அவளைத் திட்டிய திட்டெல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். மூத்தவளின் ஆள்காட்டி விரல் வாய்க்குள் இருந்தது. தட்டில் பூரணத்தின் நடுவே ஒரு குழி. சாமிக்கு இன்னும் காட்டவில்லை. கெஞ்சாமல், மிரட்டாமல், யாரும் சொல்லாமல் அவள் தானாக ஒன்றை எடுத்து வாயில் வைத்து நான் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று எனக்கு நினைவில்லை. அவள் விரலை வாயில் வைத்தபடி என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தில் எதுவும் வராமல் பிடித்துக்கொண்டு நின்றேன். கரண்டியிலிருந்து மாவு என் காலில் சொட்டியது.

அவள் விரலை வெளியே எடுத்தாள். அதே விரலைத் திரும்பப் பூரணத்துக்குள் விட்டு, ஒரு கொத்து வழித்து, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"இதுல என்னமோ இல்லைம்மா. நீ பாரு."

நான் குனிந்து அந்த விரலை மோந்தேன். தேங்காய், வெல்லம், நெய், ஏலக்காய், எல்லாம் இருந்தன. ஒன்றும் குறையவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மூக்கால இல்லை," என்றாள். "நாக்கால பாரு."

அந்த விரலை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். கணுவரை ஈரம். நகத்துக்கு அடியில் வெள்ளையாகத் தேங்காய்த் துருவல். ஓரத்தில், சிறிய குமிழ்களோடு, அவள் எச்சில் மினுங்கிக்கொண்டிருந்தது. இளையவளின் மூக்கை அவள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் துடைத்துவிட்டிருந்தாள், கை கழுவினாளா என்று நான் கவனிக்கவில்லை. தலையைத் திருப்பினால் அவள் கையைக் கீழே போட்டுவிடுவாள், பிறகு அந்தத் தட்டையும் தொடமாட்டாள், லீவு முடியும், நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவோம். அவளுக்கு வேண்டியிருந்தது நான் தின்பதுகூட இல்லை. தான் செய்தது எனக்கு அருவருப்பா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருவருப்புத்தான். அதை நான் மறைக்கப்போவதில்லை. வாயைத் திறந்தேன்.

விரல் வெதுவெதுப்பாக இருந்தது. எச்சிலின் வழுவழுப்பு முதலில் தெரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழுங்கினேன். அதன் பிறகுதான் இனிப்பு வந்தது. இனிப்பு வந்து, அப்படியே சப்பென்று நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் வெல்லப் பூரணத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுவது வழக்கம். கோபத்தில் மறந்துபோயிருந்தேன். தலைமுறை தலைமுறையாக வந்த என் மூக்குக்கு அது தெரியவில்லை.

"உப்பு," என்றேன்.

அவள் பெரிய மனுஷிபோலத் தலையை ஆட்டினாள். அலமாரியைத் திறந்து உப்பு ஜாடியை எடுத்தாள். என் வாயிலிருந்து வந்த அதே விரலை, துடைக்காமல், ஜாடிக்குள் விட்டு, கட்டை விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை எடுத்துப் பூரணத்தில் தூவினாள். அவள் எச்சில், என் எச்சில், இரண்டும் வீட்டு உப்பில். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த உப்பை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தேன். மாற்றவில்லை. அது தீரும்வரை அதைப் போட்டுத்தான் சமைத்தேன், ஒவ்வொரு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஜாடியைத் திறந்தேன்.

கொழுக்கட்டைகளைக் கையாலேயே பிடித்தோம். மூத்தவள் பிடித்தவை மூக்கும் முழியுமாக இருந்தன. இளையவள் பிடித்ததில் பூரணம் வெளியேயும் மாவு உள்ளேயும் இருந்தது, ஒன்றில் தலைமயிர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் உருவி எடுத்தேன். வெந்ததும் என் கணவர் தயங்கித் தயங்கி, எச்சில் பண்ணியதைச் சாமிக்கு வைக்கலாமா என்று கேட்டார். பிள்ளையார் படத்துக்கு முன்னால் தட்டை வைத்தேன். உப்புச் சரியாக இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்டு எங்கள் குடும்பத்தில் வைத்த முதல் நைவேத்தியம் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு தரையில் உட்கார்ந்தோம். மூத்தவள் தட்டில் ஒரு கொழுக்கட்டை வைத்தேன். குனிந்து மோந்து பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கடித்தாள். மென்றாள். நான் வேறெங்கேயோ பார்ப்பதுபோல வெளியே தென்னைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, விரலை நக்கிக்கொண்டு, எனக்குச் சகிக்காத எல்லாச் சத்தங்களோடும் அவள் தின்றாள்.

தட்டு என் முழங்காலில் இடித்தது. காலியாக இருந்தது.

"அம்மா," என்றாள். "இன்னும் ஒண்ணு."